மாங்கூழ் ஆலையும் மென்பொருள் உரிமமும்

சித்தூர் மாங்கூழ் ஆலைகளுக்கு ஆண்டில் ஓரிரு மாதங்களே பெரும்பரபரப்பு. தோத்தாபுரி வரத்து நின்றதும் எடைமேடை ஓய்ந்துவிடும். பயனர் தலைக்கு இவ்வளவு என விதிக்கும் தனியுரிம ஈஆர்பி மென்பொருளின் ஆண்டுச் சந்தாவோ ஓய்வதில்லை. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. அதில் தலைக்கணக்கு இல்லை. பங்குத்தரகு நிறுவனமான ஜெரோதா அதனைக் கையாள்கிறது.

ஆனால் திறந்த மூலம் என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. 2015இல் ஒடூ தன் முழுமையான கணக்கியல் பகுதியைக் கட்டணப் பதிப்புக்குள் கொண்டுசென்றது. உரிமத்தைப் படிக்காமல் மாறுவது, பத்திரம் பாராமல் நிலம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

மூலநிரல் கைக்கு வந்தாலும், பருவ நெருக்கடியில் வழங்கி நின்றுபோனால் சரிசெய்ய உள்ளூரில் ஆள் வேண்டும். உண்மையான செலவு இதுவே. திருப்பதியில் ஐஐடியும் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. விவசாயிகளுக்கான பட்டுவாடாத் தொகுதியை ஓர் ஆலைக்கென எழுதித் தரும் மாணவருக்கு, அதையே இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஏற்க நம் துறைகள் ஏன் தயங்க வேண்டும்?