பழைய கார் நடுரோட்டில் மக்கர் பண்ணுவது ஏன்? எல்லாப் பழியும் எத்தனால் பெட்ரோல் மேலா?

சென்னை:

காலை 9 மணி. கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டிகள் எறும்பு போல ஊர்கின்றன. முன்னால் மாநகர பஸ், பின்னால் தண்ணீர் லாரி. நடுவில் சிக்கிய பழைய மாருதி 800 ரெண்டு குலுங்கு குலுங்கி ‘பொசுக்’கென்று ஆப் ஆகிறது. சாவியைத் திருப்பினால் ‘கிர்ர்ர்’ என்று சுற்றுகிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. ஹாரன் சத்தம் காதைப் பிளக்க, டிரைவர் இறங்கித் தள்ளுகிறார். பத்து நிமிஷம் கழித்து சாவியைப் போட்டால், ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டி ஓடுகிறது.

பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழகிப்போன கூத்துதான் இது. ஆனால் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் ஆம்னி வேனோ, மார்க்கெட்டுக்கு சரக்கு ஏற்றும் வண்டியோ நின்றால், அன்றைய வருமானமும் சேர்ந்து நின்றுவிடும்.

2025-ம் ஆண்டில் இருந்து இதற்கு டீக்கடை முதல் ஒர்க்‌ஷாப் வரை ஒரே பதில்தான். “எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை.”

இது உண்மையா? பாதி உண்மை.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது புதுசு இல்லை. 2003-ம் ஆண்டிலேயே 5 சதவீதத்தில் தொடங்கியது. 2022 ஜூனில் 10 சதவீதம் ஆனது. 20 சதவீதத்துக்கு 2030-ம் ஆண்டு என்று முதலில் வைத்திருந்த கெடுவை மத்திய அரசு முன்கூட்டியே கொண்டுவர, 2025-லேயே நாடு முழுக்க 20 சதவீதம் வந்துவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

20 சதவீத பெட்ரோலைத் தாங்கும் பாகங்களுடன் கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில் இருந்துதான். அதற்கு முந்தைய பழைய வண்டிகளில் சிலவற்றுக்கு 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. குறைவோ கூடுதலோ, அந்தச் செலவு வண்டிக்காரர் தலையில்தான்!

கார்புரேட்டர் வண்டிக்கு என்ன ஆகும்?

மாருதி 800 காரில் 2000-ம் ஆண்டு வாக்கில்தான் எம்.பி.எப்.ஐ. வந்தது. அதற்கு முன் வந்தது எல்லாம் கார்புரேட்டர். பத்மினி, பழைய பெட்ரோல் அம்பாசடர் எல்லாம் இதே ரகம்தான்.

கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. ஜெட்டில் இருக்கும் ஓட்டை எவ்வளவோ, அவ்வளவு பெட்ரோல்தான் போகும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அது கிடைக்காமல் என்ஜின் அரைவயிற்றுக் கஞ்சியில் ஓடுகிறது. ஓடும்போது தெரியாது. சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் மூச்சு முட்டி நின்றுவிடும். இதற்கு ஐடிலிங் ஸ்குருவையும் மிக்சர் ஸ்குருவையும் திருப்பி டியூன் பண்ணினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எத்தனால் நல்ல கரைப்பான். 20 வருஷமாக டேங்க் அடியில் படிந்த கசடைக் கிளப்பிவிடும். அது வந்து பில்டரிலும் ஜெட்டிலும் அடைக்கும். பழைய ரப்பர் டியூப் ஊறி வெடித்தால் பெட்ரோல் கசியும். கசிவு மட்டும் தள்ளிப்போடக் கூடாத வேலை. தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

ஆனால் ஆக்சிஜன் சென்சார் உள்ள எம்.பி.எப்.ஐ. காரில் கம்ப்யூட்டரே பெட்ரோலை கூட்டிக் கொடுத்துக்கொள்ளும். மைலேஜ் குறையும், அது நிஜம். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலை விட எத்தனாலுக்கு சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அந்த வண்டி நடுரோட்டில் நின்றால் எத்தனாலைத் திட்டுவதற்கு முன் வேறு இடத்தில் தேட வேண்டும்.

‘எப்போ நிக்குது?’

கைதேர்ந்த மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன்பு கேட்கும் கேள்வி இதுதான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்பானரை எடுப்பவரிடம் கொஞ்சம் உஷாராகவே இருக்கலாம்.

சிக்னலில் மட்டும், அதுவும் ஏ.சி. போட்டால் நிற்கிறது என்றால் ஐடிலிங் கோளாறு. எம்.பி.எப்.ஐ. வண்டியில் திராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கும், அல்லது ஐடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றி கிளீன் பண்ணினால் போதும். எங்காவது வேக்குவம் டியூப் கிழிந்து காற்று இழுத்தாலும் இதே கதைதான்.

ஏற்றத்திலும் வேகத்திலும் திணறித் திணறி நிற்கிறதா? பெட்ரோல் பற்றவில்லை. பில்டர் அடைப்பு, அல்லது பம்ப் சோர்ந்துவிட்டது. சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே அடியாக ஆப் ஆனால் அது கரண்ட் கோளாறு. இந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்குக்கு பாதி வேலை மிச்சம்.

சூடானால் நின்று, ஆறினால் ஓடும் வண்டிதான் எல்லோரையும் அலைய விடுவது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் சமர்த்தாக ஓடும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிற்கும். சந்தேகப்பட வேண்டியது இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார் ரெண்டையும்தான். ரெண்டிலும் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துபோகும். ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நின்ற அந்த நிமிஷத்திலேயே பார்த்தால்தான் பிடிபடும். டிரைவரே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எம்.பி.எப்.ஐ. வண்டியில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ‘ஆன்’ மட்டும் செய்தால், பின் சீட்டுப் பக்கம் ரெண்டு வினாடி ‘உய்ங்’ என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் பியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்க்கலாம்.

அம்பாசடர், பத்மினிக்காரர்கள் ஈரத்துணி வைத்திருந்தது சும்மா இல்லை. என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் பம்ப் வெயிலில் கொதித்து, பெட்ரோல் ஆவியாகி பாதையை அடைத்துவிடும். ஈரத்துணியைச் சுற்றினால் பம்ப் ஆறி வண்டி கிளம்பும். வைத்தியமும் அதுவே, நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் அதுவே.

விளக்கு, ஹாரன் எல்லாம் சேர்ந்து செத்துப்போனால் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும். சுரண்டி முடுக்க காசு எதுவும் ஆகாது.

200 ரூபாய் பெட்ரோல்

லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியதில் இருந்து ‘200-க்கு போடுப்பா’ என்பதே பலருக்கு வழக்கமாகிவிட்டது. கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால் குறை சொல்ல முடியாது. ஆனால் டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப், பெட்ரோலில் மூழ்கி இருந்தால்தான் சூடு ஆறும். எப்போதும் ரிசர்விலேயே ஓடினால் பம்ப் சீக்கிரம் போய்விடும். அடிக்கசடையும் அதுவே உறிஞ்சும். கேஸ் கிட் போட்ட ஆம்னியில் மாசக்கணக்கில் தொடாமல் கிடந்த பெட்ரோலும் இப்படித்தான், கேஸ் தீர்ந்து மாற்றும்போது காலை வாரும்.

இங்கேதான் பணமும் கரைகிறது. ஒரு வாரம் பம்ப், மறுவாரம் காயில், அடுத்து பிளக் என்று குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டே போவார்கள். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பம்ப் பத்தே நாளில் மண்டையைப் போடும். கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு ரிலேயில் இருக்கும். ‘பிளக்குக்கு கரண்ட் வருதா, பெட்ரோல் பிரஷர் எவ்வளவு, முதல்ல காட்டுங்க’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

இத்தனை செலவுக்கும் நடுவே, 20 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ரூபாயாக்கியது மத்திய அரசு. வேறு வண்டி வாங்க வழியில்லாதவர் இதையும் கட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

மழைக்காலம் வேறு மாதிரி. டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறினால் வண்டி இருமி இருமி நிற்கும். கழற்றித் துடைத்தால் சரி. டேங்க் மூடி ரப்பர் போயிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கொஞ்சத் தண்ணீரை எத்தனால் கலந்த பெட்ரோல் தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். டேங்கை இறக்கி காலி பண்ணுவதைத் தவிர வழியில்லை. சுரங்கப்பாதை வெள்ளத்தில் நின்ற வண்டியை மட்டும் அங்கேயே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும்.

ஓடும்போதே ஆப் ஆனால், பவர் பிரேக் உள்ள காரில் ரெண்டு மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். பதறி சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கியரை நியூட்ரலில் தள்ளி, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, வேகம் இருக்கும்போதே இடது ஓரம் ஒதுங்கி, பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி நிறுத்த வேண்டும். பாலத்தின் மேல் நின்றுவிட்டால் வண்டிக்குப் பின்னால் நின்று பானட்டையோ டிக்கியையோ நோண்ட வேண்டாம். உள்ளே இருப்பவர்களை முதலில் ஓரச்சுவர் பக்கம் இறக்கிவிட வேண்டும்.