1.7 என்பது மதில் சுவரா?

கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு அணுக்கள் சேரும்போதும் இழுபறிதான். அங்கே கயிறு, எலக்ட்ரான்கள். அவற்றைத் தன் பக்கம் இழுக்கும் திறனே எலக்ட்ரான் கவர்தன்மை. இதை எண்ணால் சொல்லும் முறையை 1932-ல் அமெரிக்க விஞ்ஞானி லினஸ் பாலிங் வகுத்தார். இன்றைய கணக்கில் ஃபுளூரினுக்கு 3.98, குளோரினுக்கு 3.16, ஹைட்ரஜனுக்கு 2.20, சோடியத்துக்கு 0.93.

"வித்தியாசம் 1.7-க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு, குறைந்தால் சகப்பிணைப்பு" என்று மனப்பாடம் செய்கிறோம். சமையல் உப்பில் வித்தியாசம் 2.23. சோடியத்தின் எலக்ட்ரானைக் குளோரின் பறித்தே விடுகிறது. அந்த உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78. விதிப்படி இதுவும் அயனிச் சேர்மம்தானே? ஆனால், சுமார் 20 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது! இதில் இருப்பது சகப்பிணைப்பு. எலக்ட்ரான்கள் ஃபுளூரின் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அப்படியானால் விதி தப்பா? இல்லை. 1.7 ஒரு கைகாட்டி மரம். அதை மதில் சுவராக நினைப்பதுதான் தப்பு. பங்கிடுவதற்கும் பறிப்பதற்கும் நடுவே பல படிகள் உண்டு. தேர்வில் விதியை எழுதுங்கள். வகுப்பில், "இது எங்கே பொருந்தாது, சார்?" என்றும் கேளுங்கள். வேதியியல் பிடிக்க ஆரம்பிப்பது அங்கேதான்!