இரண்டு இட்லி மோசடி

ஆழ்வார்பேட்டையில் காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தை எட்டிப் பாருங்கள். வெறும் வயிறும் கையில் டோக்கனுமாக, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் படித்தவர்கள். ரிட்டையரான அதிகாரிகள், பேங்க் மேனேஜர்கள், வருமான வரியில் ஒரு ரூபாய்கூட மறைக்காத மனிதர்கள். இந்த இடத்தில் மட்டும் கூசாமல் பொய்க்கணக்கு காட்டுவார்கள்.

எப்படி என்கிறீர்களா? டாக்டரைப் பார்க்க நாலு நாள் இருக்கும்போது ஸ்வீட் நிற்கும். ராத்திரி ஏழு மணிக்கே ஒன்றரை சப்பாத்தியோடு சாப்பாடு முடியும். மறந்தே போயிருந்த வாக்கிங், நாகேஸ்வர ராவ் பார்க்கில் ஆறு சுற்றாக முளைக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த பிறகு, தினமும் ஆறு இட்லி சாப்பிடுகிறவர் அன்றைக்கு இரண்டோடு எழுந்துவிடுவார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். ரிப்போர்ட்டில் 148. "பாத்தியா, கன்ட்ரோல்லதான் இருக்கு!" அந்தச் சந்தோஷத்தில் வழியிலேயே ஒரு காபி, சர்க்கரை தூக்கலாக.

யாரை ஏமாற்றுகிறீர்கள்? டாக்டரையா? அந்த 148-ஐ நம்பித்தான் அவர் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார். தப்பான தகவலைக் கொடுத்துவிட்டு, "பத்து வருஷமா மருந்து சாப்பிடறேன், கிட்னி எப்படி போச்சு?" என்று பிற்பாடு அவரையே கேட்பதில் என்ன நியாயம்?

இந்தத் தில்லுமுல்லுக்கு மசியாத ஒரு சாட்சி உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் அது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினது போகாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் எத்தனை சதவிகிதம் ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். அதுதான் எச்பிஏ1சி. 7 என்றால் சராசரி சர்க்கரை 154 போல. 9 என்றால் 212. மார்கழி முழுக்க டி.டி.கே. சாலை சபா கேன்டீனில் கச்சேரிக்கு முன்னால் வடையும் பின்னால் அல்வாவுமாக வாழ்ந்துவிட்டு, தை மாதம் நாலு நாள் பத்தியம் இருந்தால் வெறும் வயிற்று நம்பர் வேண்டுமானால் பணியும். எச்பிஏ1சி பணியாது.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்பார்கள். அதுதான் இதில் ஆபத்து. 200-ம் 250-ம் பலருக்கு வலிப்பதே இல்லை. கொஞ்சம் தாகம், ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம், "வயசாச்சு, அசதி" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிற களைப்பு. உள்ளே கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்பும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றின் அலசல் 2000-ல் வெளிவந்தது. எச்பிஏ1சி ஒரு பாயின்ட் குறைவாக இருந்தவர்களுக்கு, சிறு ரத்தக்குழாய்கள் கெடுவதால் வரும் இந்த மாதிரிக் கோளாறுகளின் அபாயமும் 37 சதவிகிதம் குறைவாக இருந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1948-லேயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை இதே சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு மூன்று வருடம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவிகிதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் தொடர்ந்து கவனித்தவர்களில் 39 சதவிகிதம். மாத்திரை சாப்பிட்ட குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். தினசரி நடைக்கு மாத்திரையின் பலம்! ஆனால் 'தினசரி' என்ற வார்த்தைதான் நமக்குப் பிடிக்காதே.

ஏன் இந்த மோசடி? பயம். "டோஸ் ஏத்திடுவார், ஊசி போட்டுடுவார்." இன்சுலின் என்றால் கடைசி ஸ்டேஜ் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். 1922-ல் டொரான்டோவில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனை எழுப்பி உட்கார வைத்த மருந்து அது. டாக்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பேஷன்ட்டைத் திட்டுகிறவர், அடுத்த தடவை பொய் சொல்லத்தான் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

தயவுசெய்து இனிமேல் இப்படிச் செய்யுங்கள். டெஸ்ட் அன்றைக்கு வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி பாருங்கள். பெரும்பாலோருக்கு இலக்கு 7-க்குள். வயதானவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து போகிறவர்களுக்கும் டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த எண் மாறிக் காட்டலாம்; அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். வருடம் ஒரு தடவை கண், கால், சிறுநீரில் புரதம். விளம்பரத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். 'சுகர் ஃப்ரீ' மைசூர்பாகிலும் கடலை மாவும் நெய்யும் இருக்கின்றன. சர்க்கரை எகிறி, வாந்தியும் மூச்சு வாங்கலும் குழப்பமும் வந்தால் கஷாயம் போட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆறு இட்லி சாப்பிட்டு 260 வந்தால் வரட்டும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. இரண்டு இட்லியில் வந்த 148-க்கு எந்த டாக்டராலும் வைத்தியம் பார்க்க முடியாது.