முதலில் உணவு, பிறகு பெயர்

ஹோமரின் 'ஒடிசி' காவியத்தைக் கிறிஸ்டஃபர் நோலன் திரைப்படமாக்கியிருப்பதால், இளையர்களிடையே அந்தப் பெயர் மீண்டும் அடிபடுகிறது. பத்தாண்டுப் போருக்குப் பின், வீடு திரும்ப மேலும் பத்தாண்டு அலைகிறான் ஒடிசியஸ். ஒற்றைக்கண் அரக்கன், பாடி மயக்கும் சைரன்கள் என வழியில் வரும் சாகசங்கள் பலருக்கும் தெரிந்தவை. ஆனால், 24 பாகங்கள் கொண்ட அந்தக் காவியத்தைப் படித்தபோது என் மனத்தில் தங்கியவர்கள் அரக்கர்கள் அல்லர். அந்நியனுக்குக் கதவைத் திறந்தவர்கள்.

எல்லாவற்றையும் இழந்து, உடுத்த உடைகூட இல்லாமல் ஃபியேசியர்களின் தீவில் கரை ஒதுங்குகிறான் ஒடிசியஸ். இளவரசி நாசிக்கா உடையும் உணவும் தருகிறாள். மன்னர் அல்கினூஸ் விருந்து வைக்கிறார். வந்தவன் வயிறாரச் சாப்பிட்டு, உறங்கி எழுந்து, மறுநாள் விருந்தும் முடிந்த பிறகே அவர் பெயரைக் கேட்கிறார். நான்கு பாகங்களுக்கு நீளும் அவன் கதையை அரண்மனையே உட்கார்ந்து கேட்கிறது. பிறகு தங்கள் கப்பலிலேயே அவனை ஊர் சேர்க்கிறார்கள். ஒற்றைக்கண் அரக்கனோ நேர்மாறு. யார் நீங்கள் என்று முதலில் விசாரிக்கிறான். பிறகு வந்தவர்களையே பிடித்துத் தின்கிறான்.

தமிழருக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. 'விருந்து' என்ற சொல்லின் பழைய பொருளே புதுமைதான். முன்பின் அறியாதவராக வருபவரே விருந்தினர்.

வீடு திரும்பும் ஏக்கமும் நமக்குப் புதிதல்ல. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறி வந்தவர்கள். இந்தோனீசியாவின் மேடானில் வேலை பார்த்த ப. சிங்காரம் எழுதி 1972ல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' நாவலை நம்முடைய ஒடிசி என்பேன். மேடான், பினாங்கு, உலகப் போர் என அலையும் பாண்டியன், மதுரையை நினைத்துக்கொண்டே இருக்கிறான். ஆனால், ஒடிசியஸைப்போல அவன் ஊர் திரும்புவதில்லை.

இந்தக் கதைகளைப் படிக்கும்போது நம் குடும்பத்தைப் பயணியின் இடத்தில் வைத்துப் பார்ப்பது இயல்பு. ஆனால், சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நாம் இன்று பயணிகள் அல்லர். நாம் அந்தத் தீவில் இருப்பவர்கள். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கூடும் ஊழியர்களே இன்றைய பயணிகள்.

அவர்களில் சிலரது நிலை ஒடிசியஸின் நிலைக்கு மிக அருகில் உள்ளது. கலிப்ஸோவின் தீவில் ஏழாண்டு சிக்கி, கரையில் அமர்ந்து கடலைப் பார்த்து அழுதவன் அவன். வேலையிடத்தில் காயமடைந்து இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் ஊழியர்கள் பலருக்கு வேலை செய்ய அனுமதி இருப்பதில்லை. வழக்கு முடியும்வரை பலர் ஊருக்கும் போகாமல் காத்திருக்கிறார்கள். இத்தகையோருக்காக டிடபிள்யுசி2 அமைப்பு 2008ல் லிட்டில் இந்தியாவில் 'கஃப் ரோடு' திட்டத்தைத் தொடங்கியது. அங்கும் முதலில் இலவச உணவு. பிரச்சினையைப் பற்றிய பேச்சு அதைத் தொடர்ந்து வருகிறது.

"நாங்கள் மாணவர்கள், எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். உடைந்த காலை நம்மால் குணப்படுத்த முடியாது. வழக்கையும் விரைவுபடுத்த முடியாது. ஆனால், மற்ற இன மாணவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியரிடம் அவருடைய மொழியிலேயே பேச நம்மால் முடியும். மருத்துவக் கடிதத்தில் உள்ள ஆங்கிலத்தை விளக்கிச் சொல்லலாம். தொண்டூழியம் செய்யும்போது உணவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடாமல், பக்கத்தில் உட்காரலாம். தமிழ் பேச ஆளில்லை என்று குறைப்படும் நாம், ரயிலில் எதிரே அமர்ந்திருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லையே!

ஒடிசியஸை ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பிய ஃபியேசியர்களின் கப்பலைக் கடல் தெய்வம் கல்லாக்கிவிடுகிறது. உதவி செய்வதற்கு விலை உண்டு என்பதை ஹோமர் மறைக்கவில்லை. நம்மிடம் கேட்கப்படுவது கப்பல் அல்ல. ஒரு ஞாயிறு மாலை.