பாடவேளைக்குள் வரட்டும்



எம்.பி.பி.எஸ். படிப்பில் செய்து கற்பதை வலியுறுத்தும் திறன்சார் பாடத்திட்டம் 2019-இல் வந்தது. ஆனாலும் இணையவழிக் கல்வி என்றாலே வகுப்புரையின் வீடியோ பதிவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நோயாளியின் கதையை அல்லவா இணையத்தில் ஏற்ற வேண்டும்! டெங்குவையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பத் தோன்றும். ஆபத்தே அப்போதுதான் தொடங்கக்கூடும். கதையை அந்த இடத்தில் நிறுத்தி, ‘ஹிமட்டோக்ரிட் ஏறுகிறது, தட்டணுக்கள் இறங்குகின்றன, என்ன செய்வீர்கள்?’ என்று மாணவரிடம் கேட்கலாம். மாணவர் தவறாக முடிவெடுத்தாலும் எந்த உயிருக்கும் பாதகமில்லை. பிறகு வார்டில் ஆசிரியருடன் நோயாளியையும் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்க்காத மருத்துவம் அரைகுறைதான். இந்த இணையவழிப் பயிற்சியை இரவு நேர வீட்டுப்பாடமாகத் தள்ளிவிடாமல், கால அட்டவணையிலும் உள்மதிப்பீட்டிலும் சேர்க்கக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

– மருத்துவக் கல்லூரி ஆசிரியர், மதுரை