கட்டுப்பணம் குறையலாம், வாய்மை குறையலாகாது!

வாகனம் வைத்திருப்போர் எல்லோரும் செல்வர் என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. கிளிநொச்சியில் உழவு இயந்திரம் ஓட்டும் கமக்காரன், வவுனியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் சிறு லொறிக்காரன், மட்டக்களப்பில் தூரத்துப் பாடசாலைக்குச் சென்றுவரும் ஆசிரியன், யாழ்ப்பாணத்தில் நோயாளரை நாடிச் செல்லும் வைத்தியன் ஆகிய அனைவருக்கும் வாகனம் இன்று தொழிற் கருவி. அக்கருவி வீதியில் இறங்குமுன் ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டுப்பணம் செலுத்தியாக வேண்டும். காப்புறுதிச் சான்றிதழ் இன்றேல் பிரதேச செயலகத்தில் வாகன வரி அனுமதிப்பத்திரமும் இல்லை.

இச்செலவு தாங்க முடியாததாகிவிட்டது என்ற முறைப்பாடு நாம் செல்லும் ஊரெல்லாம் கேட்கிறது. முறைப்பாடு நியாயமானதே. ஆனால், அதற்குப் பலர் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் நியாயமானதன்று. வாடகைக்கு ஓடும் வாகனத்தைச் சொந்தப் பாவனைக்கெனப் பதிகிறார்கள். பழைய நெளிவுகளைப் புதிய விபத்தின் கணக்கில் சேர்க்கிறார்கள். ஓட்டியவர் ஒருவர்; ஓட்டினேன் என்று ஒப்பமிடுபவர் இன்னொருவர்! ‘கொம்பனிக்காரனிடம் இல்லாத பணமா?’ என்று இதற்கு ஒரு சமாதானமும் கூறுகிறார்கள்.

இந்தச் சமாதானத்தைச் சற்று உரசிப் பார்ப்போம். காப்புறுதி என்பது என்ன? ஆயிரம் பேர் ஒரு பானையில் சிறிது சிறிதாகப் போட்டு வைக்க, அவருள் இடருற்ற பத்துப் பேர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. பானையைக் காத்து நிற்பவன் கூலியும் இலாபமும் பெறுகிறான். ஆயினும் பானையில் இருப்பது பெரும்பாலும் நமது பணமே. அதிலிருந்து பொய்க் கணக்குக் காட்டி எடுப்பவன் கொம்பனியின் பணத்தை எடுப்பதில்லை. அடுத்த ஆண்டு அயலவன் கட்டவேண்டிய பணத்தை எடுக்கிறான். கட்டணம் ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்கள், கராச்சில் ஊதிப் பெருக்கப்படும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் அறிதல் வேண்டும். 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கு, காப்புறுதிச் சட்டம் பயில்வோர் எல்லோரும் முதலில் படிக்கும் வழக்கு. சுமாத்திராத் தீவிலுள்ள மார்ல்பரோ கோட்டைக்குப் பெறப்பட்ட காப்புறுதி பற்றிய பிணக்கு அது. காப்புறுதி ஒப்பந்தம் முழு நல்லெண்ணத்தின்மீது நிற்பது. இடரை அறிந்தவன் அதை மறைக்கலாகாது என்ற கோட்பாடு அங்கே நிலைநாட்டப்பட்டது. ஆனால், அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி பெற்றவரே என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. நல்லெண்ணக் கடமை விற்பவனுக்கும் உண்டு. தான் அறிந்ததையும் அறிந்திருக்க வேண்டியதையும் பிறகு காரணமாகக் காட்டி அவன் தப்பிக்கொள்ள முடியாது என்பதும் அத்தீர்ப்பின் பாடமாகும். இந்த இருவழிக் கடமையே நமது வாதத்தின் அச்சாணி.

ஆகவே முதலாவது வழி, முன்மொழிவுப் படிவத்தில் உண்மையை எழுதுவதே. இதனால் செலவு எப்படிக் குறையும் என்று கேட்கலாம். பொய்யால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபா மிஞ்சலாம். ஆனால், விபத்து நேர்ந்த அன்று அந்தப் பொய் வெளிப்பட்டால் நட்டஈடு முழுவதும் மறுக்கப்படக்கூடும். பல்லாண்டுகள் கட்டிய பணம் ஒரே நாளில் பயனற்றுப் போகும். பயன்படாத காப்புறுதியைவிட விலை கூடிய காப்புறுதி உலகில் இல்லை.

கமக்காரப் பெருமக்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சொந்த வயலை உழுவதற்கென்று பதிந்த உழவு இயந்திரம் கூலிக்கு மணல் ஏற்றினால், இடர் மாறிவிடுகிறது. இழுவைப் பெட்டியில் வேலையாட்களையோ திருவிழாவுக்குச் செல்லும் உறவினரையோ ஏற்றினால், மேலும் மாறுகிறது. என்னென்ன வேலைக்குப் பயன்படும் என்பதைத் திறந்து கூறி, அதற்குரிய காப்பைப் பெறுக. அவ்வாறே, பெயர் மாற்றாமல் ‘ஓபன் பேப்பரில்’ கைமாறி ஓடும் வாகனங்கள் நம் மாகாணத்தில் ஏராளம். வாகனம் ஒருவர் பெயரிலும் பத்திரம் இன்னொருவர் பெயரிலும் இருந்தால், வாதாடும் சட்டத்தரணிக்கு வேலை கிடைக்குமேயன்றி உங்களுக்குப் பணம் கிடைப்பது அரிது.

இரண்டாவது வழி, வேண்டிய காப்பையே வாங்குவது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துவது மூன்றாந் தரப்புக் காப்புறுதிக்கே. நமது வாகனத்தால் பிறரது உயிருக்கும் உடலுக்கும் நேரும் தீங்குக்கு ஈடு செய்யும் காப்பு அது. நமது சொந்த வாகனத்தின் சேதத்தையும் களவையும் ஈடு செய்யும் முழுக் காப்புறுதியைச் சட்டம் வற்புறுத்தவில்லை. பழுதடைந்த பழைய வாகனத்துக்கு, சேதத்தைத் தாமே தாங்கக்கூடியவர்கள், மூன்றாந் தரப்புக் காப்போடு நிற்கலாம். ஆனால், பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்குப் பத்திரத்தில் எவ்வளவு வரம்பு உண்டு என்பதைக் கேட்டறிந்தே ஒப்பமிட வேண்டும். லீசிங்கில் எடுத்த வாகனத்துக்கு முழுக் காப்புறுதி ஒப்பந்த நிபந்தனையாக இருக்கும். அங்கும், லீசிங் நிறுவனம் காட்டும் ஒரே கொம்பனியைத்தான் ஏற்க வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, பெறுமதியைச் சரியாகக் குறிப்பது. இதில் நம்மவர் படும் நட்டம் சொல்லி முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியது. பழைய வாகனங்களின் விலையும் வாங்கியதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இத்தனை மாற்றத்துக்குப் பின்னும் பழைய பத்திரத்தின் பெறுமதியையே ஆண்டுதோறும் புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள்.

60 இலட்சம் ரூபா பெறுமதியான காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவரை எடுத்துக்கொள்வோம். விகிதாசார நிபந்தனை உள்ள பத்திரமானால், 9 இலட்சம் ரூபா சேதத்துக்கு அவருக்குக் கிடைப்பது 6 இலட்சமே. மறுபுறம், 40 இலட்சம் பெறுமதியான காரை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு, கார் முற்றாக அழிந்தாலும் சந்தைப் பெறுமதியான 40 இலட்சத்துக்கு மேல் கிடையாது. எஞ்சிய 20 இலட்சத்துக்காகக் கட்டிய பணம் காற்றிற் போன பணம். ஆண்டுதோறும் சந்தை விலையை விசாரித்து, அதன்படி பத்திரத்தைத் திருத்துவது அரை நாள் வேலை.

நான்காவது, சிறு சேதத்தைத் தாமே தாங்குவது. இழப்புக் கோராதவருக்கு ஆண்டுக்கு ஆண்டு வளரும் கழிவை ‘நோ கிளெயிம் போனஸ்’ என்பர். கட்டுப்பணம் 1 இலட்சம் ரூபா என்றும், ஒருவர் சேர்த்து வைத்த கழிவு 40 வீதம் என்றும் கொள்வோம். 15,000 ரூபா கீறலுக்கு நட்டஈடு கேட்டு அக்கழிவு முழுவதையும் இழப்பாரானால், அடுத்த ஆண்டிலேயே 40,000 ரூபா கூடுதலாகக் கட்டுவார். இது இலாபமா? கோருமுன் கணக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேதத்திலும் முதற் பகுதியைத் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டாலும் கட்டுப்பணம் குறையும். கையில் அவ்வளவு பணம் இருப்பவர்களே இதைத் தெரிய வேண்டும். ஆனால் ஒன்று: பிறர் ஒருவருக்குச் சிறு காயமேனும் ஏற்பட்டால், கழிவை எண்ணி மௌனம் சாதிக்கலாகாது, பொலிசுக்கும் கொம்பனிக்கும் உடனே அறிவிப்பது கடமை. கொம்பனி மாறும்போது, இத்தனை ஆண்டுகள் இழப்புக் கோரவில்லை என்ற கடிதத்தைப் பழைய கொம்பனியிடம் எழுத்திற் பெறவும் மறவாதீர்கள்.

ஐந்தாவது, விலை பேசுவது. பொதுக் காப்புறுதி 1964இல் அரச கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயிற்று. 1980களின் பிற்பகுதியில் தனியாருக்குக் கதவு திறந்தது. இன்று கடைகள் பல. இருந்தும், தெரிந்த முகவர் கொண்டுவரும் தாளில் கேள்வியின்றி ஒப்பமிடுவதே நமது வழக்கம். விதை நெல் வாங்க மூன்று கடை ஏறி இறங்கும் கமக்காரன், காப்புறுதிக்கு ஏன் மூன்று விலை கேட்கலாகாது? அதைவிடச் சிறந்த வழியும் உண்டு. பல வாகனங்கள் ஒன்றாக வரும்போது கொம்பனிகள் கழிவு கொடுப்பது வழமை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும், ஆசிரியர் சங்கங்களும், லொறி உரிமையாளர் சங்கங்களும் தம் உறுப்பினரின் வாகனங்களைப் பட்டியலிட்டு, கூட்டாக விலை கேட்க வேண்டும். தனித்து நின்று கெஞ்சுவதிலும் சேர்ந்து நின்று பேசுவது மேல் என்பதை அரசியலில் நாம் பல்லாண்டாகக் கூறிவருகிறோம். அது கட்டுப்பணத்துக்கும் பொருந்தும்.

வெட்டக் கூடாத செலவு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கான காப்பு, சாதாரண பத்திரத்துக்கு மேலதிகமாகத் தனியே பெறவேண்டியது. 1983 ஆடியில் தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிந்ததை நாடு மறக்கவில்லை. இவ்வகைச் சேதங்களுக்கென அரசாங்கம் 1987இல் ஒரு நிதியத்தை அமைத்தது. இன்று அது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் உள்ளது. முழுக் காப்புறுதி வாங்கும் எவரும், சிறு தொகையை மிச்சம் பிடிக்க இக்காப்பை நீக்குமுன் பலமுறை சிந்திக்க வேண்டும். வரலாறு நமக்குக் கற்பித்த பாடத்துக்கு நாம் ஏற்கெனவே பெருவிலை கொடுத்திருக்கிறோம்.

இவை நமது பக்கத்துக் கடமைகள். மறுபக்கத்தாரின் கடமை என்ன? நல்லெண்ணம் இருவழிப்பட்டது என்று மேலே கூறினோம். தனக்கு விளங்காத மொழியில் அச்சிட்ட நிபந்தனைகளுக்குக் கமக்காரனிடம் ஒப்பம் வாங்கிவிட்டு, விபத்தின் பின் ‘நீ ஒப்புக்கொண்டாய்’ என்று சிறு எழுத்தைக் காட்டுவது எந்த நல்லெண்ணத்தில் அடங்கும்? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டம் கட்டாயப்படுத்தும் ஒரு காப்பின் நிபந்தனைகளைத் தமிழிற் படித்தறியும் வாய்ப்பு, தமிழ் பேசும் ஒவ்வொருவருக்கும் நடைமுறையில் இருந்தாக வேண்டும். படிவத்தையும் பத்திரத்தையும் தமிழில் தருமாறு கேளுங்கள். தராவிடில், கேட்டதை எழுத்தில் பதிந்து வையுங்கள்.

அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. கட்டுப்பணத்தின்மீது விழும் பெறுமதி சேர் வரியின் வீதம் 2024 சனவரியில் 15இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயம் வாங்கென்று சட்டம் கூறுகிறது; வாங்கினால் வரி கொடு என்று திறைசேரி கூறுகிறது! குறைந்தபட்சம் மூன்றாந் தரப்புக் காப்பையேனும் இவ்வரியிலிருந்து விலக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, கழிவு எவ்வளவு, வரி எவ்வளவு என்பதைத் தனித்தனியே மூன்று மொழிகளிலும் ஒரே தாளில் காட்டும்படி இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கண்டிப்புடன் வற்புறுத்த வேண்டும். நியாயமற்ற மறுப்பைச் சந்தித்தவர்கள் சோர்ந்துவிட வேண்டியதில்லை. முதலில் கொம்பனியின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறையிடுக. பின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனையும், ஆணைக்குழுவையும் நாடுக. நீதிமன்றம் இறுதிப் படி. உண்மையை எழுதியவனே இப்படிகளில் தலைநிமிர்ந்து ஏற முடியும்.

இறுதியாக, வீதியோரத்தில் நடந்து செல்லும் மனிதனை நினைப்போம். அவனுக்குக் காரும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஏ-9 வீதியில் நமது வாகனம் அவனை மோதினால், அவன் குடும்பத்தின் அடுப்பு எரிவது நாம் வாங்கி வைத்த பத்திரத்தைப் பொறுத்தது. காலாவதியான பத்திரத்தோடு வாகனம் ஓட்டுபவன் தன் செலவைக் குறைக்கவில்லை. அச்செலவை ஏழை ஒருவனின் மனைவி மக்கள் தலையில் இறக்கி வைக்கிறான். குறைக்கக்கூடிய செலவை அறிவாலும் ஒற்றுமையாலும் குறைப்போம். பிறர்க்குச் செலுத்த வேண்டிய கடமையில் ஒரு சதமேனும் குறைக்க மாட்டோம். அரசிடமும் கொம்பனிகளிடமும் நியாயம் கேட்டு நிற்கும் மக்களுக்கு, நேர்மையே முதற் பலம்.