ஸ்டேக்குக்குப் பக்கத்தில் என்ன வைக்கிறீர்கள்?



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போடும் விருந்துப் படங்களில் ஸ்டேக் தட்டுகளைப் பார்க்கிறேன். இறைச்சியில் குறை இல்லை. குறை பக்கத்தில் இருப்பவற்றில்தான். வெண்ணெய் வழியும் உருளைக்கிழங்கு, கிரீமில் வெந்த பசலைக்கீரை, சீஸ் போட்ட மக்ரோனி. அமெரிக்க ஸ்டேக் உணவகங்களின் வழக்கம் இது. கொழுப்புக்குக் கொழுப்பே துணை என்றால் நாலு வாயிலேயே திகட்டிவிடும்.

மாட்டிறைச்சிக்குப் பேர்போன அர்ஜென்டினாவில் லெட்யூஸ், தக்காளி, வெங்காயம் கலந்த எளிய சாலட் வைப்பார்கள். கூடவே பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, வினிகர், எண்ணெய் சேர்ந்த சிமிச்சூரி. அந்தப் புளிப்பு திகட்டலை அடக்கும். இத்தாலியின் ஃபிளாரன்ஸில் 1 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரே ஸ்டேக்கை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆலிவ் எண்ணெய் விட்ட வெள்ளை பீன்ஸும் மேசையில் இருக்கும். வயிறு அதில் நிறையும். இறைச்சி அளவோடு நிற்கும்.

ஆகவே புளிப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, பயறு வகையில் ஒன்று வையுங்கள். நம் வீட்டு விருந்துகளில் மாட்டிறைச்சி தொடாதவர் ஒருவராவது இருப்பார். அந்த மூன்றும் இருந்தால் அவரும் வயிறார உண்டு எழுவார். ஒருவரைப் பட்டினியாக உட்காரவைத்துவிட்டு மற்றவர் உண்பது விருந்தாகுமா? நீங்களே சொல்லுங்கள்.